யாரும் விழாத கயிறு

ஜன்னலைக் கொஞ்சம் சாத்திக்கட்டுமா சார்? காத்து வேணும்தான், இல்லேங்கல. ஆனா இந்த இரைச்சல்ல போன் அடிச்சா கேக்க மாட்டேங்குது. ஒரு ஆளைப் புடிக்கணும். காலையில இருந்து நானும் அடிச்சு அடிச்சுப் பாக்கறேன், தொடர்பு எல்லைக்கு வெளியில இருக்காருன்னு ஒரு பொம்பளைக் குரல் திருப்பித் திருப்பிச் சொல்லுது. அது எந்த எல்லையோ, யாரு போட்டதோ.

நீங்க எதுவரைக்கும்? காவேரிப்பட்டணமா. சரி, இன்னும் நேரம் இருக்கு. நான் கிருஷ்ணகிரி. அங்க இறங்கி டவுன் பஸ் புடிக்கணும். ஊருக்கு வெளிய ஏதோ ஒரு பாறை. ஞாயித்துக்கிழமை ஆனா கம்பெனி ஆளுங்க வந்து அதுல கயிறு கட்டி ஏறுறாங்களாம். சாமி கும்பிடவான்னு கேக்காதீங்க, நானும் மொதல்ல அதையேதான் கேட்டேன். மேல கோயிலும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. ஏறுவாங்க, இறங்குவாங்க. அவ்வளவுதான்.

அங்க ஒருத்தர்கிட்ட ஒரு கயிறு இருக்கு. அவர் அதுல ஏறுறதுக்குள்ள நான் போயி வாங்கிடணும். என் கயிறுதான். என் கயிறுன்னா, என் பொண்ணோடது. நான்தான் வித்தேன். இப்ப நானே திருப்பி வாங்கப் போறேன். சிரிப்பா இருக்கில்ல? எனக்கும் இன்னொரு நாளா இருந்தா சிரிப்பா இருக்கும்.

சேலத்துல எனக்கு பேட்டரி கடைங்க. செவ்வாய்ப்பேட்டையில வந்து சிங்காரம் கடை எதுன்னு கேளுங்க, காட்டுவாங்க. இன்வெர்ட்டர் பேட்டரி, லாரி பேட்டரி எல்லாம் உண்டு. பொய் சொல்லி யாவாரம் பண்ணதில்ல சார். கஸ்டமர் கேட்டதுக்குப் பதில் சொல்லுவேன். கேக்காததைச் சொல்லமாட்டேன். பேட்டரி எத்தனை நாள் உழைக்கும்னு கேட்டா சொல்லுவேன். தண்ணி ஊத்தாம விட்டா என்ன ஆகும்னு அவன் கேக்கலேன்னா, நானா எதுக்கு வாயைக் குடுக்கணும்? அது யாவாரம். அதுக்குப் பேரு பொய் இல்ல. நீங்களே சொல்லுங்க.

பொண்ணு பேரு தாரணி. ஒரே பொண்ணு. பெங்களூர்ல வேலை. எல்லா வீட்டுலயும் மொத சம்பளத்துல அம்மாவுக்குப் புடவை எடுப்பாங்க. இவ கயிறு வாங்கிட்டு வந்தா. நீலக் கலர்ல, நடுவுல ஆரஞ்சுப் புள்ளி போட்டு, பாம்பு மாதிரி மொழுமொழுன்னு. ஆயுத பூஜை அன்னிக்கு எங்க வீட்டுல, கலாவதின்னு பேரு, அவ பாட்டுக்கு அதுக்கும் சந்தனம் குங்குமம் வச்சிட்டா. பொண்ணு அழாத குறை. அம்மா, இதுல ஒரு அழுக்குப் படக்கூடாது, இதை மிதிக்கக்கூடக் கூடாது, இது என் உசிருன்னு சொன்னா. பேச்சுக்குச் சொல்றான்னு நாங்க நினைச்சோம். எல்லாத்தையும்தான் உசிருங்கறாங்க இப்பல்லாம்.

இந்த வருசம் பொங்கல் கழிச்சு ஏறப் போனவ, கை வழுக்கிட்டா. வழுக்கினவளைக் கயிறு புடிச்சிடுச்சு. அந்தரத்துல ஊஞ்சல் மாதிரி ஆடிப் பாறைல மோதி, கணுக்கால் ஒடைஞ்சு போச்சு. நாங்க போயிப் பாத்தப்ப கட்டுப் போட்டுக்கிட்டு சிரிக்கறா. பாத்தீங்களாப்பா, கயிறு எப்படிப் புடிச்சுதுன்னு. நான் கயித்தைப் பாக்கல சார், காலைப் பாத்தேன். அன்னிக்கே அந்தக் கயித்தைச் சுருட்டி எடுத்துட்டு வந்துட்டேன். பெத்தவன் வேற என்ன பண்ணுவான்? வீட்டுல வச்சா தேடி எடுத்துருவா. அதனால கடைக்குக் கொண்டுபோயிட்டேன்.

கால் கூடி அவ வேலைக்குத் திரும்பப் போயிட்டா. கயிறு எங்கன்னு போன்ல கேப்பா, பத்திரமா இருக்கும்பேன். பத்திரமாத்தான் இருந்துச்சு. வெயில் படல, மழை படல, எலி கடிக்கல. ஆடி மாசம் கடையில யாவாரம் கொஞ்சம் மட்டம். சும்மாக் கிடக்குற சாமானை எல்லாம் ஒழிச்சேன். அப்ப அதையும் போட்டோ எடுத்து போன்ல விளம்பரம் போட்டேன். கயிறு போயிட்டா அவளுக்கு அந்த ஆசையும் போயிடும்னு ஒரு எண்ணம். காசுக்காக இல்ல. அதை மட்டும் நீங்க நம்பணும்.

ஓசூர்ல இருந்து ஒருத்தர் வந்தார். ஜெரோம்னு பேரு. முப்பது வயசு இருக்கும், நல்ல மரியாதை. கூடவே அவர் சம்சாரம், ஷீபா. புதுக் கயிறு வாங்கலாம்னா இவரு பழசே போதும்கிறார் அங்கிள்னு அந்தப் பொண்ணு என்கிட்டயே முறையிடுது. வீட்டுக்குத்தான் வரச் சொன்னேன். கடைக்கு வரச் சொல்லல. வீடுன்னா உக்காந்து காப்பி குடிக்கலாம், அது ஒரு மரியாதை. அதுக்காகத்தான். வேற எதுக்கும் இல்ல.

ஜெரோம் அந்தக் கயித்தை ஒரு முனையில இருந்து மறு முனை வரைக்கும் விரலுக்குள்ள விட்டு உருவிப் பாத்தார். பட்டுச்சேலை வாங்கறவங்க முந்தானையை நிமிண்டிப் பாப்பாங்களே, அந்த மாதிரி. அங்கங்க மடக்கிப் பாத்தார். எங்கயும் பிசிறு இல்ல, வெட்டு இல்ல. அப்புறம் என்னைப் பாத்துக் கேட்டார்.

"இந்தக் கயித்துல யாராவது விழுந்திருக்காங்களா?"

"யாரும் விழலைங்க" அப்படின்னேன்.

நல்லாக் கவனிங்க சார். விழுந்தாங்களான்னு கேட்டார். விழுறதுன்னா நம்ம ஊர்ல என்ன? தரைக்கு வர்றது. மரத்துல இருந்து விழுந்தான், மாடியில இருந்து விழுந்தான்னா என்ன அர்த்தம்? கீழ வந்து சேந்தான்னு அர்த்தம். என் பொண்ணு கீழ வரலியே. கயிறு புடிச்சிடுச்சே. அப்ப விழலதானே? இந்த ஏறுறவங்க பாஷையில, வழுக்கிக் கயித்துல தொங்கினாலே விழுந்த கணக்காம். அது எனக்கு எப்படித் தெரியும்? சரி, தெரியும். பொண்ணு சொல்லியிருக்கா. ஆனா அந்த நேரத்துல நான் நம்ம பாஷையிலதான் பதில் சொன்னேன்.

வெயில்ல வச்சிருந்தீங்களான்னார். வெயிலே காட்டல, நிழல்லயே இருந்துச்சுன்னேன். அதுவும் சத்தியமான வார்த்தை. கிளம்பும்போது கலாவதி அந்தப் பொண்ணுக்கு வெத்தலை பாக்கு வச்சுக் குங்குமம் நீட்டினா. அது சர்ச்சுக்குப் போற பொண்ணு, இருந்தாலும் மறுக்காம வாங்கிக்கிச்சு. வாங்கிக்கிட்டு என்னைப் பாத்து, நம்பி ஏறலாமில்ல அங்கிள்னு கேட்டுச்சு. நான் ஏதோ தலையாட்டினேன். ஆமான்னும் ஆட்டலாம், போயிட்டு வாம்மான்னும் ஆட்டலாம். எப்படி ஆட்டினேன்னு எனக்கே இப்ப ஞாபகம் இல்ல.

அதோட முடிஞ்சுது. முடிஞ்சுதுன்னுதான் இருந்தேன். முந்தாநாள் சாயங்காலம் தாரணி லீவுல வந்தா. பையை வச்சதும் கயிறு எங்கன்னா. வித்துட்டேன்னு சொன்னேன். கத்துவான்னு பாத்தேன், கத்தல. முகம்தான் சுண்டிப் போச்சு. நான் விழுந்ததைச் சொல்லி வித்தீங்களாப்பான்னு கேட்டா. இப்ப உங்ககிட்ட சொன்னேனே, அதே நியாயத்தை அவகிட்டயும் சொன்னேன். ஒரு தடவை விழுந்தா கயிறு கெட்டுப் போயிடாதுப்பா, ஆனா வாங்கறவங்ககிட்ட சொல்லணும், அதுதான் முறைன்னா. சரி, அதோட போச்சுன்னு நானும் எழுந்துக்கப் போனேன்.

அப்புறம்தான் கேட்டா. இத்தனை மாசம் எங்க வச்சிருந்தீங்கன்னு. கடையிலன்னேன். கடையில எங்கன்னா. உள் ரூம்ல. உள் ரூம்ல எங்க. பழைய பேட்டரி அடுக்கியிருக்கற ராக்குக்குக் கீழ, சாக்குல போட்டுன்னேன். மாத்திக்கிட்டுப் போறப்ப கஸ்டமர் விட்டுட்டுப் போற பழசு சார், எடைக்குப் போடற வரைக்கும் அங்கதான் கிடக்கும். சொல்லி முடிக்கல, அவ அப்படியே தரையில உக்காந்துட்டா.

"அப்பா, ஆசிட் பட்ட கயிறு பாக்க நல்லாத்தான் இருக்கும். ஒரு ஆள் தொங்கினா அறுந்துடும்."

எனக்கே ஆசிட் பாடம் சார். இந்தச் சட்டையைப் பாருங்க, இடுப்புகிட்ட. சல்லடை. எங்க ஆளுங்க எல்லாச் சட்டையும் இப்படித்தான் இருக்கும். ஆசிட் தெறிக்கறப்ப ஒண்ணுமே தெரியாது. காஞ்சு போயிடும், சட்டை புதுசு மாதிரியே இருக்கும், போட்டுக்கிட்டு கல்யாணத்துக்குக் கூடப் போகலாம். துவைக்கறப்ப ஒரு கசக்கு கசக்கினா பொத்துன்னு ஓட்டை விழும். கலாவதி கல்யாணம் ஆன புதுசுல, நான்தான் அடிச்சுத் துவைச்சுக் கிழிச்சுட்டேன்னு அழுவா. அவளுக்கு நான் சொல்லிக் குடுத்த பாடம் அது. நல்லா இருக்கேன்னு நம்பாதே, இழுத்தாத்தான் தெரியும்னு.

கயித்துல ஆசிட் பட்டுச்சான்னு பொண்ணு கேட்டா. இல்லவே இல்லம்மான்னேன். ஆவி பட்டாலே ஆபத்துப்பா, நம்பர் குடுங்க நான் பேசறேன்னா. நானே பேசிக்கறேன், வித்தவன் பேசறதுதான் மரியாதைன்னு சொல்லிட்டு வாசலுக்கு வந்துட்டேன்.

பட்டுச்சான்னு நீங்களும் கேக்கறீங்க. நீங்க யாரோ நான் யாரோ, உங்ககிட்ட சொல்றதுல என்ன. விக்கறதுக்கு எடுத்தப்ப சாக்கோட ஒரு பக்கம் கொஞ்சம் ஈரமா இருந்துச்சு. கயித்துலயும் ஒரு சுருள் பிசுபிசுன்னு இருந்துச்சு. தண்ணியா இருக்கும்னு நினைச்சேன். ராக்குல டிஸ்டில்டு வாட்டர் கேனும் வச்சிருப்போம், அது ஒழுகியிருக்கலாம். துணியால தொடைச்சு, நிழல்ல காய வச்சேன். காஞ்சதும் மத்த இடம் எப்படியோ அதுவும் அப்படியே ஆயிடுச்சு. ஜெரோமே கண்டுபிடிக்கலையே. தொடைச்சிட்டுக் கையை சோடா உப்புப் போட்டுக் கழுவினேன்.

ஏன் சார் அப்படிப் பாக்கறீங்க? பழக்கம். எங்க தொழில்ல யாரு எதைத் தொட்டாலும் சோடா உப்புலதான் கழுவுவோம், ஆசிட்டை முறிக்கும்னு. தண்ணின்னு நினைச்சா எதுக்கு சோடா உப்புன்னு கேக்கறீங்க. கேப்பீங்க. பழக்கம்னு சொன்னேனே. விரல்ல ஒரு கீறல் இருந்துச்சு, அது கொஞ்சம் எரிஞ்ச மாதிரி இருந்துச்சு. தண்ணி எரியாதுதான்.

சரி, விடுங்க. வாசல்ல இருந்து ஜெரோமுக்குப் போன் போட்டேன். சத்தியமாச் சொல்லணும்னுதான் போட்டேன். அவர் எடுத்த எடுப்புல, அங்கிள் சௌக்கியமா, ஆன்ட்டி காப்பியைப் பத்தி ஷீபா இன்னும் பேசிக்கிட்டிருக்கான்னார். அப்படிப் பேசறவர்கிட்ட எப்படி ஆரம்பிக்கறது சொல்லுங்க. கயிறு பொண்ணுக்குத் திரும்ப வேணுமாம், அவளுக்கு அது மேல ஆசை விடலன்னு சொல்லிட்டேன். ஒரு வார்த்தை, ஆசிட்டுன்னு ஒரே ஒரு வார்த்தை, அது வாயில வரல. அவர் சந்தோசப்பட்டார் சார். தாரணி மறுபடி ஏறப் போறாங்களா, ரொம்ப நல்லது அங்கிள், ஞாயித்துக்கிழமை நாங்க இதுல ஒரு தடவை ஏறிட்டு, திங்கக்கிழமை நானே கொண்டாந்து குடுத்துடறேன், காசு கூட வேண்டாம்னார். அந்த வெள்ளந்தியான மனுசன் அப்படிச் சொல்றார். நான் சரிங்கன்னேன்.

உள்ள வந்தேன். சொல்லிட்டீங்களாப்பான்னு பொண்ணு கேட்டா. பேசிட்டேன்னேன். பேசினேன்தானே. அவ கையைப் புடிச்சுக்கிட்டு தேங்க்ஸ்பான்னா. சின்னப் புள்ளையில இருந்து அவ அப்படி என் கையைப் புடிச்சதில்ல. நேத்து பூரா என்கூட நல்லாப் பேசினா, எனக்குப் புடிக்கும்னு கோலா உருண்டை செஞ்சா. சாப்புட்டேன். சாயங்காலம் கடையில உக்காந்து அவருக்கு நம்பர் போட்டேன். மணி அடிக்க ஆரம்பிச்சதும் கட் பண்ணிட்டேன். அவர் திருப்பிக் கூப்புட்டார். நான் எடுக்கல. கஸ்டமர் இருந்தாங்க. ஒரு கஸ்டமர் இருந்தார்.

இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, விடிஞ்சதும் இந்தக் கடைச் சட்டையையே மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டேன். கிருஷ்ணகிரியில ஒரு வளைகாப்புன்னு வீட்டுல சொல்லிட்டு வந்துட்டேன். யாரு வளைகாப்புன்னு கலாவதி கேட்டா, டீலர் பொண்ணுன்னேன். நேர்ல போனா ஒண்ணும் சொல்ல வேண்டாம் பாருங்க. பொண்ணு அவசரமாக் கேக்கறா, இப்பவே குடுங்கன்னு வாங்கிட்டு வந்துடலாம். காரணம் சொல்லாமலே காரியம் முடிஞ்சிடும். அவங்களுக்கும் மனசு கஷ்டம் இல்ல, நமக்கும் இல்ல.

மெசேஜ் போட்டிருக்கலாமேங்கறீங்களா. போட்டிருக்கலாம். எழுதினா அது எழுதினதா இருந்துடும் சார். அழிக்க முடியாது.

இருங்க, அடிக்குது. ஜெரோம்தான். ஜெரோம்னுதான் வருது. எடுக்கறேன், எடுக்கறேன். கையெல்லாம் வேர்வை, தள்ளினா நகர மாட்டேங்குது.

"ஹலோ. ஹலோ, சிங்காரம் பேசறேன். யாரு, ஷீபாவா? நல்லா இருக்கேம்மா. இல்ல, ஒண்ணும் இல்ல, காலையில இருந்து போட்டேன், சும்மாதான். ஜெரோம் இல்லையா? எங்க?"

மேல இருக்காராம்.

"எந்தக் கயித்துலம்மா? நீலமா?"

நீலம்தானாம். பொண்ணு கேட்டதுக்காக, குடுக்கறதுக்கு முன்னாடி இதுல ஒரு தடவை ஏறிப் பாத்துடறேன்னு அதையே எடுத்தாராம். கயித்தைப் புடிச்சுக்கிட்டுக் கீழ ஒருத்தர் நிக்கறாராம், இந்தப் பொண்ணு பக்கத்துல நிழல்ல பையைக் காவல் காத்துக்கிட்டு உக்காந்திருக்காம். சிரிச்சுக்கிட்டே சொல்லுது சார்.

"உயரமா இருக்காராம்மா? தென்னை மர உயரமா, இல்ல அதை விடவா?"

அதை விடவாம். இறக்கச் சொல்லிடலாமா? இறக்கணும்னாலும் அந்தக் கயித்துலதானே தொங்கவிட்டு இறக்குவாங்க. என் பொண்ணு எனக்குப் படம் போட்டுக் காட்டியிருக்கா. தொங்கக் கூடாது சார். தொங்கினாத்தான் இழுக்கும். இல்ல, கட் ஆகல, அந்தப் பொண்ணு லைன்லதான் இருக்கு, கேட்டுக்கிட்டிருக்கு.

"ஷீபா, அம்மா, நான் சொல்றதைக் கேளு. பதறாதே. அவர்கிட்ட கயித்துல தொங்க வேண்டாம்னு சொல்லு. பாறையைக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டு நிக்கற இடத்துலயே நிக்கச் சொல்லு. வேற கயிறு இருக்கா? இருக்கா. அப்ப யாரையாவது பின் பக்கமா மேல போகச் சொல்லி அதை இறக்கிவிடச் சொல்லு, அதுல கட்டிக்கச் சொல்லு. நீலக் கயித்தை நம்ப வேண்டாம். ஏன்னா, ஏன்னா அது ஆசிட் பட்ட கயிறும்மா. எனக்கு பேட்டரி கடை. பழைய பேட்டரிக்கு அடியில கிடந்துச்சு, ஈரமா இருந்துச்சு, தொடைச்சு உங்ககிட்ட குடுத்துட்டேன். இல்லம்மா, இப்பத் தெரிஞ்சது இல்ல. அன்னிக்கே தெரியும். நீ கேட்டப்பவே தெரியும். போம்மா, ஓடு, போனை வைக்காம ஓடு."

ஓடுது சார். செருப்புச் சத்தம் கேக்குது. கத்துது. ஜெரோம் தொங்காதே, ஜெரோம் தொங்காதேன்னு கத்துது. மேல இருந்து அவர் ஏதோ கேக்கறார், என்னன்னு விளங்கல. காத்து இரையுது. யாரோ ஆம்பளை ஒருத்தர் கத்துறார். மூச்சு வாங்குது, அது இந்தப் பொண்ணோடது. என்கூடப் பேச மாட்டேங்குது. பேச வேண்டாம், லைன் மட்டும் போகாம இருந்தாப் போதும்.

பின்னாடி சீட்டுல எல்லாரும் பாக்கறாங்களா? பாக்கட்டும்.

என்ன, பை எடுக்கறீங்க? காவேரிப்பட்டணம் வந்துடுச்சா? கண்டக்டர் கொஞ்சம் இருங்க, சார் இறங்கல. இல்ல, இறங்கணும்தான், உங்களுக்கு வீட்டுல காத்திருப்பாங்க, எனக்குத் தெரியுது. ஒரு நிமிசம் சார். அடுத்த ஸ்டாப்புல இருந்து ஆட்டோ புடிச்சு நானே உங்களைத் திரும்பக் கொண்டாந்து விடறேன். தனியா இதைக் காதுல வச்சுக்கிட்டு என்னால உக்கார முடியாது. ஜெரோம் இறங்கட்டும். அவர் இறங்கினதும் நீங்க இறங்கிக்குங்க.